தொட்டி இருக்கும், கல் மாறும்

பேச்சுப் பாதியில் போனை வைத்துவிட்ட மகனுக்கு,

இங்கே உன் அப்பா சௌக்கியம், தறிகள் சௌக்கியம், நான் எப்போதும்போல வாயாடிக்கொண்டு சௌக்கியம். மீன்களும் சௌக்கியம். அதுதானே உனக்குப் பிரச்சினை. "கல்யாணத்துக்குள்ள அந்தத் தொட்டிய யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா, எனக்கு மீட்டிங் வந்துருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் வாயைத் திறந்தாலே ஓசூரில் உனக்கு ஒரு மீட்டிங் முளைத்துவிடுகிறது. காகிதத்துக்கு மீட்டிங் வராது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் எழுத்து. கோணலாகத் தெரிந்தால் தலையைச் சாய்த்து வைத்துப் படி. கடைசி வரிவரை உன்னைக் காக்க வைக்காமல் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தொட்டியைக் கொடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப்போகும் நிவேதாவிடம் காட்டு, அவள் அத்தையிடம் காட்டு, கல்யாண மண்டபத்து வாசலில் வேண்டுமானாலும் ஒட்டிவை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தபோது நீ இல்லை. நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது, நான் சொல்கிறேன் கேள். வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தோம். நிவேதாவின் அத்தைக்கு மீன்தொட்டிக்கு எதிரே இருந்த நாற்காலி கிடைத்தது. அது என் தப்பு, டிவிக்கு எதிரே போட்டிருக்க வேண்டும். காப்பி டம்ளர் வாய்க்குப் போகும் நேரம் பார்த்து நம் மேஸ்திரி ஒரு மஞ்சள் மீனைத் துரத்திக்கொண்டு தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வாலைப் பிடித்து ஒரு கடி வைத்தான். மேஸ்திரி யார் என்று கேட்காதே, நீ வாங்கி வந்த அந்த நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட ஆண்தான். எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிவதால் நான் வைத்த பெயர். அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, இதென்ன சண்டை போடற மீனுங்களா?"

"சிக்லிட்டுன்னு பேருங்க. கொஞ்சம் கோவக்காரச் சாதி. தொட்டிக்கு வெளிய வந்து கடிக்காதுங்க."

"வெளாட்டு இல்லீங்க. ஊட்டுக்குள்ள சண்டை போடற மீன் இருந்தா மாமியா மருமகளுக்கு ஆகாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க."

"எங்க பக்கம் மீனே இல்லாத ஊட்டுலயும் ஆகறதில்லீங்களே" என்றேன். உன் அப்பா இருமினார். அது என்னைப் பார்த்து இருமும் இருமல், உனக்குத் தெரியும். அந்த அம்மா சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. ஆனால் வீடு போய்ச் சேர்ந்ததும் தொட்டியை எடுத்துவிடச் சொல்லி உனக்குப் போன் வந்திருக்கிறது. நீயும் சரி என்றுவிட்டாய். அந்தத் தொட்டியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே நீ என்பதை அவர்களிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீ சேலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது சூரமங்கலத்தில் ஒரு மீன் கடைக்கு என்னையும் உன் அப்பாவையும் டவுன் பஸ்ஸில் அழைத்துப் போனாய். கடைக்காரப் பையன் முறையாகத்தான் சொன்னான், ஒரு ஆண் எடுத்தால் அதோடு மூன்று நான்கு பெண் எடுக்க வேண்டும் என்று. உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். "எங்கூட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுங்க தம்பி. ஒண்ணுக்கு ஒண்ணு, ஜோடியாப் போடுங்க" என்றார். கடைக்காரன் முழித்தான். நீ வெட்கப்பட்டு எதிர்ப்பக்கத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானோ என் புருஷனுக்குத்தான் எவ்வளவு நல்ல குணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மீனுக்கும் ஜோடிப் பொருத்தம் பார்த்து, மஞ்சள் பூசாத குறையாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நான் ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தொட்டிக் கண்ணாடியிலும் வைத்தேன்.

அந்த ஒழுக்கத்தின் பலனை அந்தப் பெண் மீன்தான் அனுபவித்தது. அவனுடைய கோபம் முழுவதையும் வாங்க அது ஒன்றுதானே இருந்தது. காலையில் துரத்தினான், மத்தியானம் துரத்தினான். அது ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த விரல் அகலச் சந்தில் செங்குத்தாக நின்றுகொண்டது. தீனி போட்டால்கூட வெளியே வராது. துடுப்பு நார் நாராகக் கிழிந்த பிறகு அதை நம் ஸ்டீல் அண்டாவில் எடுத்து விட்டோம். இட்லிக்கு அரிசி ஊறப்போட அண்டா இல்லாமல் நான் பட்ட பாடு தனி. பிறகு நீ உன் அப்பாவுக்குத் தெரியாமல் போய் இன்னும் சில பெண் மீன்களை வாங்கி வந்தாய். அடி பலபேருக்குப் பிரிந்து போனதும் யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. உன் அப்பா தொட்டியை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இதென்ன இவன் பண்ணையம் இப்புடிப் பெருகிப்போச்சு?" என்றார். "பாவம், உங்கள மாதிரி நல்லவனில்லீங்க" என்றேன்.

நீ வேலைக்குப் போனாய், மீன்கள் எனக்கு வந்தன. யாருக்காவது கொடுத்துவிடு என்று அப்போதும் சொன்னாய், நான் கொடுக்கவில்லை. பக்கத்து வீடுகளில் என்னென்னமோ சொன்னார்கள். இந்த ஊர்த் தண்ணீரில் மீன் வாழாது, கேன் தண்ணீர் ஊற்று என்றார்கள். நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது, பாத்திரத்தில் வெள்ளைக் கறை படியும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்தத் தண்ணீர்தான் இந்த மீன்களுக்கு ஒத்துப்போகிறது. அதுகள் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஏதோ ஓர் ஏரியின் கடினத் தண்ணீரில் பிறந்த சாதி என்று நீயே சொன்னாய். வெண்ணந்தூர் போர் தண்ணீரை வாழ்க்கையில் முதன்முதலாகப் பாராட்டிய ஜீவன்கள் அவைதான். உன் அப்பா போர் போட்டபோது மிஞ்சிய கேசிங் குழாயைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்தார், ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பொந்து ஆயிற்று. தறிச் சத்தம் அவற்றுக்குத் தாலாட்டு. கரண்ட் போய் தறி நின்றால்தான் பயந்து போய்க் கல்லுக்கடியில் புகுந்துகொள்ளும். அப்போது தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரும் நின்றுவிடும் என்பதால் நான் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு நிற்பேன். உன் அப்பா, "எனக்கு ஒரு நாளாச்சும் இப்புடி விசிறி உட்டிருக்கறியா?" என்பார்.

இனித்தான் நான் சொல்லவந்தது. போன வருடம் புதிதாகச் சில மஞ்சள் மீன்களை வாங்கி விட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? விட்ட மாத்திரத்தில் பழசுகள் எல்லாம் சேர்ந்து கிழித்தன. மேஸ்திரிக்குப் பெரிய கல்லின் கீழ்ப்பக்கம், அவனுக்கு அடுத்தவனுக்குக் குழாய், அதற்கடுத்தவளுக்கு உடைந்த பூந்தொட்டி. இடம் எல்லாம் பட்டா போட்டாயிற்று. புதுசு எங்கே போய் நின்றாலும் அது யாரோ ஒருத்தருடைய இடம். மேஸ்திரிதான் கெட்டவன் என்று அவனைப் பிடித்து அண்டாவில் போட்டேன். சாயங்காலத்துக்குள் அடுத்தவன் பெரிய கல்லுக்குக் கீழே குடிவந்து, மேஸ்திரியைவிட மோசமாகக் கடித்தான். அப்போது உனக்குப் போன் செய்தேன். அன்றைக்கு உனக்கு மீட்டிங் இல்லை போலிருக்கிறது, நிதானமாகச் சொன்னாய்.

"கல்லையெல்லாம் வெளிய எடுத்துருங்கம்மா. எடுத்துட்டு வேற மாதிரி அடுக்குங்க. பழசுங்களுக்கு இது என்னோட எடம்னு அடையாளமே தெரியக்கூடாது. அப்பறமா எல்லாத்தையும் ஒண்ணா உடுங்க. எல்லாருமே புதுசாயிருவாங்க."

"மேஸ்திரி கோவிச்சுக்குவானே சாமி?"

"கோவிச்சா கோவிக்கட்டும். புதுசா வந்தது மட்டும் எடம் தேடோணும்னா அது நியாயமாம்மா?"

நீ சொன்ன வார்த்தைதான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அப்படியே செய்தேன். பெரிய கல்லை ஓரத்துக்குத் தள்ளி, குழாய்களைத் திருப்பி வைத்து, ஒருத்தன் பொந்திலிருந்து பார்த்தால் இன்னொருத்தன் மூஞ்சி தெரியாதபடி நடுவில் ஒரு பலகைக் கல்லை நிறுத்தினேன். மேஸ்திரி உள்ளே போனதும் தன் கல்லைக் காணாமல் தேடு தேடென்று தேடினான். கடிக்க அவனுக்கு நேரமே இல்லை. இரண்டு நாளில் ஆளாளுக்கு ஓர் இடம் அமைந்தது. துரத்தல் அடியோடு நிற்கவில்லை, நீ வந்தபோது பார்த்தாயே. நிவேதாவின் அத்தையும் பார்த்துவிட்டாரே. ஆனால் அதன்பிறகு யாரும் ஃபில்டர் சந்தில் செங்குத்தாக நிற்கவில்லை.

இப்படிச் சொன்ன மகன்தான் அன்றைக்குப் போனில் தொட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னான். கல்யாணத்துக்காக வீட்டைக் கொஞ்சம் மாற்றி அடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றதற்கு, "எதுக்கும்மா உங்களுக்குச் செரமம், எதையும் மாத்தாதீங்க, அவ வந்து அட்ஜஸ்ட் பண்ணிக்குவா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது, அதற்குள் நீ வைத்துவிட்டாய். மீனுக்கு ஒரு நியாயம், நிவேதாவுக்கு ஒரு நியாயமா கண்ணு? நீ வாரம் ஆறு நாள் ஓசூரில் இருப்பாய். உனக்கு இந்தப் பக்கம் மாற்றல் கிடைக்கும்வரை அவள் இங்கேயிருந்துதான் ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகப்போகிறாள். இந்த வீட்டில் பெரிய மீன்கள் இரண்டு, நானும் உன் அப்பாவும். எதிர் வீட்டிலிருந்து தினமும் நீந்தி வரும் உன் பெரியத்தை மூன்றாவது. நடுவில் அவள் ஒருத்தி. நாம் மறுபடியும் ஜோடி மீன் வாங்கி வந்த கதையாகத்தான் ஆகும்.

நான் இந்த வீட்டுக்கு வந்த கதையை உனக்குச் சொன்னதில்லை. சொல்ல அதில் பெரிய கொடுமை எதுவும் இல்லை, அதனால்தான் சொல்லவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. அப்போது உன் பெரியத்தையும் அவர் வீட்டுக்காரரும் இங்கேயே இருந்து தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்தது இரண்டு அறை, அதில் பாதி தறி. சமையல்கட்டில் உப்பு ஜாடியை அடுப்புக்கு இந்தப் பக்கம் வைத்தால், நான் திரும்புவதற்குள் அது அந்தப் பக்கம் போயிருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் உன் பெரியத்தை, "அம்மிணி, அது மாமா உக்கார்ற எடம்." கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தால், "அங்க என்ற பாவுநூல் வெக்கோணும்." எல்லாம் அன்பாகத்தான் சொல்வார்கள். கடைசியில் தறிப்பட்டறைக் கதவுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் ஓர் இடம் கண்டுபிடித்தேன். அங்கே உட்கார முடியாது, நிற்கலாம். காப்பி குடிப்பது அங்கே, தலை சீவுவது அங்கே, என் அம்மா ஊரிலிருந்து வந்தால் பேசுவதும் அங்கேதான். நீ பிறந்த பிறகு உன்னை ஏந்திக்கொண்டு அங்கேதான் நின்றேன். அந்தப் பெண் மீன் ஃபில்டர் சந்தில் நின்றதைப் பார்த்தபோது உன் அப்பா "ஏன் அது அங்க போயி நிக்குது?" என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரிந்தது. "காத்து வாங்குதுங்க" என்று சொல்லிவிட்டு அண்டாவைத் தேய்க்கப் போனேன்.

அதைத்தான் எல்லோரும் அட்ஜஸ்ட் செய்துகொண்டாள் என்று சொன்னார்கள். நல்ல பெண் என்றும் சொன்னார்கள். உன் பெரியத்தையைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவருக்கும் இந்த வீட்டில் இருந்தது ஒரு ஜாடி அளவு இடம்தான், அதை விட்டுக்கொடுத்தால் அவர் எங்கே போவார்? இப்போது எதிரிலேயே வீடு கட்டிப் போய்விட்டார், எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. முந்தாநாள்கூட வந்து உட்கார்ந்து எனக்குப் புத்தி சொன்னார்.

"வந்த உடனே பீரோ சாவியக் கையில குடுத்தராத புள்ள. மொதல்ல நம்ம ஊட்டு முறையக் கத்துக்கட்டும்."

"குடுக்கல அண்ணி. பீரோவையே குடுத்துட்டேன்" என்றேன்.

அவருக்கு மூச்சு நின்றுபோயிற்று. கூட்டிப்போய்க் காட்டினேன். பெரிய அறையிலிருந்து எங்கள் கட்டிலை எடுத்தாயிற்று, இனி அது உங்கள் அறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தாயிற்று. இத்தனை வருடமும் இந்த வீட்டில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது என்பதை நீ கவனித்திருக்கிறாயா? ஆசாரி வந்து துளை போட்டபோது உன் அப்பா ஏதோ பாவம் நடப்பதுபோலத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். தொட்டியில் நடுவில் நிறுத்தினேனே பலகைக் கல், அதுதான் இது. நாள் முழுக்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தால் நல்ல மனுஷருக்கும் கடிக்கத் தோன்றும்.

உன் அப்பாவின் நாற்காலியையும் மாற்றினேன். தறி நின்றதும் டீயோடு வந்து ஜன்னல் ஓரத்தில் அவர் உட்காரும் அந்த நாற்காலியில் இதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அதைக் கொண்டுபோய் வாசல் பக்கம் போட்டேன். மனுஷன் டீ டம்ளரோடு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"ஏம்புள்ள, என்ற சேர் எங்க?"

"இருக்குதுங்க. தேடுங்க."

"எனக்கு இந்த ஊட்டுல உக்கார ஒரு எடங்கூட இல்லையா?"

"மொத தடவையா கேக்கறீங்களே மாமா. நான் வந்த வருசமே கேட்டிருக்கோணும்."

அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, மீனைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி அவரே வைத்தார். எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது தனிக் கதை. பாத்திர அடுக்கு எல்லாவற்றையும்தான் காலி செய்துவிட்டேனே. உன் சாமானையும் விடவில்லை. பழைய கிரிக்கெட் மட்டை, சார்ஜர் ஒயர்கள், கப்பு, எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. வா, வந்து தேடு.

இவ்வளவும் செய்துவிட்டு நிவேதாவுக்கு நானே போன் செய்தேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். "கண்ணு, உங்க அத்தை தொட்டிய எடுக்கச் சொல்றாங்களாமே, உனக்கும் பயமா இருக்குதா?" என்றேன்.  "மீன் கெடந்துட்டுப் போவுதுங்கத்தை. எனக்கு ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். கேள் என்றேன். "சமையக்கட்டு மேடையில என்ற மிக்ஸி வெக்க எடம் இருக்குமுங்களா?"

மீனைப் பற்றி ஊரே பேசுகிறது. அவளுடைய கவலை ஒரு முழ அகல இடம். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தத் தைரியம் எனக்கு வரவேயில்லை. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வாயடைத்துப் போனேன். நான்! அறையைக் கொடுத்தேன், பீரோவைக் கொடுத்தேன், உன் அப்பா நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டேன். ஆனால் மேடையின் நடுவில், பிளக்குக்கு நேராக இருக்கும் என் கிரைண்டரைத் தொடவே இல்லை. உன் பெரியத்தை எதிர் வீட்டுக்குப் போன அன்று நான் முதலில் செய்த வேலை அந்த இடத்தில் கிரைண்டரை வைத்ததுதான். அதை யாரும் இம்மி நகர்த்த விட்டதில்லை. அடுத்தவர் கல்லையெல்லாம் புரட்டிவிட்டு, பெரிய கல்லுக்குக் கீழே நான் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். நீ என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஒரு தடவை மட்டும்.

"இருக்குது சாமி. நட்ட நடுவுல இருக்குது" என்று சொல்லிப் போனை வைத்தேன். உன் அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கிரைண்டரைத் தூக்கிக் கீழே வைத்தோம். அது இருந்த இடத்தில் மேடை வேறு நிறத்தில் இருந்தது, தேய்த்துக் கழுவினேன். இப்போது கிரைண்டர் தரையில்தான் கிடக்கிறது. அதற்கு இடம் பார்க்க வேண்டும், அவசரம் இல்லை.

ஆகையால் தொட்டி இருக்கும். அதை எடுத்தால் இந்த வீட்டில் சண்டையே வராது என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டு, எதையும் மாற்றாமல் உட்கார்ந்திருப்போம். எனக்கு அது வேண்டாம். சண்டை வரும். நானும் அவளும் கடித்துக்கொள்ளத்தான் போகிறோம், எனக்கு வாய் நீளம், அவளுக்கும் மிக்ஸி கேட்கும் அளவுக்கு வாய் இருக்கிறது. கடி ஒருத்திக்கே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் நீ. வாரா வாரம் வந்து உன் பங்கை வாங்கிக்கொள், மீட்டிங் என்று சொல்லாதே. அவள் அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன். அந்த அம்மாளுக்கு இந்தத் தடவையும் தொட்டிக்கு எதிரே இருக்கும் நாற்காலியைத்தான் போடுவேன், நன்றாகப் பார்க்கட்டும்.

கல்யாணத்தன்று காலையில் தொட்டியிலிருந்து கல், குழாய் எல்லாவற்றையும் எடுத்து ஓர் அன்னக்கூடையில் போட்டு வைப்பேன். நிவேதா வந்து விளக்கேற்றி, பாலும் பழமும் ஆன பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவள்தான் அதை அடுக்க வேண்டும், அவள் இஷ்டப்படி. எந்தக் கல் எங்கே என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் வாயைத் திறக்கக் கூடாது. மேஸ்திரி தேடட்டும். உன் அப்பா தேடட்டும். நீ தேடு.

இப்படிக்கு,
காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் இனி எங்கே உட்காருவது என்று தெரியாமல், அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படாமல் நிற்கும்
உன் அம்மா